ஜிமெயிலுக்கு அனுப்பினால் திரும்பி வருகிறது, தூத்துக்குடி ஏஜெண்ட் மெயில் வந்தே சேரவில்லை: டிஎன்எஸ்ஸில் எங்கே தவறு?

மண்டபம் நண்டு:

வணக்கம். மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நண்டுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், கம்ப்யூட்டர் வேலை எது வந்தாலும் அதுவும் என் பொறுப்புதான். நாட்டுப்படகில் வரும் நண்டை அவித்து, ஆறவைத்து, பெண்கள் உட்கார்ந்து சதை எடுத்து, தரம் பிரித்து டப்பாவில் அடைத்ததும் ஐஸ் பெட்டியில் அடுக்கி சாயங்காலம் கொச்சிக்கு வண்டி ஏற்றிவிடுவோம். வண்டி போய்ச் சேருவதற்குள் எடைப் பட்டியல் மெயிலில் போயிருக்க வேண்டும். பட்டியல் கையில் இல்லாமல் அங்கே பெட்டியை இறக்க மாட்டார்கள், வண்டி வாசலில் நிற்கும், ஐஸ் கரையும். அதனால்தான் இவ்வளவு பதற்றத்தோடு கேட்கிறேன்.

இதுவரை வெப்சைட் இருக்கும் ஹோஸ்டிங்கிலேயே மெயிலும் இருந்தது. பெட்டி அடிக்கடி நிரம்பிவிடும். ஏப்ரல் 15-இல் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையில் நின்றதும் கணவாய் வேலை இல்லை, கொஞ்சம் நேரம் கிடைத்தது, சரி இப்போதே மாற்றிவிடலாம் என்று ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்து போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஓப்பன்டிகிம் என்று மெயில் அனுப்ப, பெட்டியில் வைக்க, கையொப்பமிட வேண்டிய மென்பொருள் எல்லாம் போட்டேன். வெப்சைட் பழைய இடத்திலேயே இருக்கிறது, நேம்சர்வரும் (டொமைன் பற்றிக் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் சர்வர்) அவர்களுடையதுதான், அவர்கள் பேனலில்தான் டிஎன்எஸ் பதிவுகளை (டொமைனுக்கு எது எங்கே என்று சொல்லும் பட்டியல்) மாற்றினேன். எம்எக்ஸ் (டொமைனுக்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் பதிவு) மாற்றி பத்து நாள் ஆகிறது.

இப்போது நிலைமை இப்படி இருக்கிறது. ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்பினால் திரும்பி வருகிறது, ஆனால் எப்போதும் ஒரே காரணத்தோடு இல்லை, சில சமயம் 550 5.7.26, சில சமயம் 550 5.7.25. ஒரே நாளில், ஒரே ஆளுக்கு அனுப்பியதற்கே இரண்டு விதமாக வந்திருக்கிறது. கொச்சி பார்ட்டிக்குச் சொந்த டொமைன், அவர்களுக்குப் போகிறது, ஆனால் ஸ்பாமில் விழுகிறதாம். அவர்கள் அனுப்புவது எனக்கு ஒழுங்காக வருகிறது. தூத்துக்குடி ஏஜெண்ட் அனுப்புவது மட்டும் வரவே இல்லை. அவருக்குத் திரும்பியும் போகவில்லை, "அனுப்பிவிட்டேனே" என்கிறார். என் சர்வர் லாகில் (வந்ததும் போனதும் எழுதப்படும் குறிப்பில்) அவர் பெயரே இல்லை.

எம்எக்ஸ் சரியாக இருக்கிறது, பல தளங்களில் சோதித்துவிட்டேன், எல்லாம் பச்சையாகவே காட்டுகிறது. எஸ்பிஎஃப் (என் பெயரில் எந்த சர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் பதிவு) போட்டிருக்கிறேன், டிகிம் (மெயிலின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி) போட்டிருக்கிறேன், பிடிஆர்கூட (சர்வரின் இணைய எண்ணான ஐபிக்கு அதன் பெயரைச் சொல்லும் பதிவு) விபிஎஸ் பேனலில் போட்டேன். ஜூன் 14-ஓடு தடை முடிகிறது, அப்புறம் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்குள் இதை முடிக்க வேண்டும். எங்கே பார்க்கட்டும்?

பரமக்குடி நெட்:

டிஎன்எஸ் மாற்றம் உலகம் முழுக்கப் பரவ 48 மணி நேரம் ஆகும், சில சமயம் கூடவும் ஆகலாம். கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். கூடவே டிமார்க் (எஸ்பிஎஃப், டிகிம் தேறாத மெயிலை என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும்) பதிவு போட்டுவிடுங்கள், 2024-இலிருந்து ஜிமெயில் அது இல்லாவிட்டால் எடுப்பதில்லை.

கீழக்கரை பாய்:

பரமக்குடி தம்பி, நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் பத்து நாள் ஆன பிறகும் காத்திரு என்றால் அவர் வேலை என்ன ஆவது? டிஎன்எஸ் எங்கும் "பரவுவது" கிடையாது. கேட்கிற சர்வர் ஒருமுறை வாங்கிய பதிலை டிடிஎல் (நொடிக் கணக்கில் அந்தப் பதிலின் ஆயுள்) தீரும்வரை கையில் வைத்திருக்கும், தீர்ந்ததும் மறுபடி கேட்கும், அவ்வளவுதான். டிடிஎல் 14400 என்றால் நான்கு மணி நேரம். நேம்சர்வரையே மாற்றினால்தான் ஒன்றிரண்டு நாள் கணக்கு வரும், இவர் அதைத் தொடவே இல்லை.

டிமார்க் விஷயமும் அப்படித்தான். 2024 பிப்ரவரியில் ஜிமெயில் கொண்டுவந்த விதியில் டிமார்க் கட்டாயம் என்பது ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு. மற்றவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது தேற வேண்டும், அனுப்பும் ஐபிக்குப் பெயரும் அந்தப் பெயருக்கு அதே ஐபியும் இருக்க வேண்டும். டிமார்க் போடுவது நல்லதுதான், போடச் சொல்லுவேன், ஆனால் கீழே இருக்கிற இரண்டும் ஓட்டையாக இருக்கும்போது மேலே டிமார்க் போட்டு என்ன பயன்.

மண்டபம் தம்பி, பேனலில் நீங்கள் என்ன போட்டீர்கள் என்பதை விட்டுவிடுங்கள். நேம்சர்வரைக் கேட்டால் அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். பேனல் காட்டுவது நீங்கள் எழுதியதை, ஜிமெயில் பார்ப்பது நேம்சர்வர் சொல்வதை. விபிஎஸ்ஸில் உட்கார்ந்து டிக் (டிஎன்எஸ்ஸைக் கேட்டுப் பார்க்கும்) கட்டளையை உங்கள் நேம்சர்வர் பெயரோடு, அட் குறி போட்டு ஓட்டுங்கள், இடையில் யாருடைய பழைய பதிலும் வராது. டொமைனின் எம்எக்ஸ், டொமைனின் டிஎக்ஸ்டி (எஸ்பிஎஃப் இருக்கும் எழுத்துப் பதிவு), டிகிம் செலக்டர் (சாவிக்கு வைத்த பெயர்) டிஎக்ஸ்டி, மெயில் ஹோஸ்ட்டின் ஏ, அதன் குவாட்-ஏ (இரண்டும் அதன் ஐபியைச் சொல்லும் பதிவுகள்), இந்த ஐந்தையும் கேட்டு வந்ததை அப்படியே போடுங்கள். ஐபியை மட்டும் இங்கே எழுதும்போது வேறாக மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் திரும்பி வந்த இரண்டு மெயிலின் முழு வாசகமும் வேண்டும், எண் மட்டும் போதாது.

மண்டபம் நண்டு:

பாய், நன்றி. இதோ. டொமைன் பெயரையும் ஐபியையும் மாற்றியிருக்கிறேன்.

எம்எக்ஸ்: 10 மெயில்.நண்டு.இன்.

மெயில்.நண்டு.இன் ஏ: 203.0.113.25

குவாட்-ஏ: ஒன்றும் வரவில்லை.

டொமைன் டிஎக்ஸ்டி, இரண்டு வரி வந்தது:
"வி=எஸ்பிஎஃப்1 +ஏ +எம்எக்ஸ் இன்க்ளூட்:பழையஹோஸ்ட்.காம் ~ஆல்"
"வி=எஸ்பிஎஃப்1 ஐபி4:203.0.113.25 -ஆல்"

டிகிம், செலக்டர் பெயர் மெயில்: பதிலே இல்லை, அப்படி ஒரு பெயரே கிடையாது என்கிறது. ஆனால் பேனலில் கண்ணெதிரே இருக்கிறது, இப்போதுகூடப் பார்த்தேன்.

திரும்பி வந்தவை. 5.7.26 வந்ததில், அனுப்பியவர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்க முடியவில்லை, எஸ்பிஎஃப் தேறவில்லை, டிகிம் தேறவில்லை என்று இருக்கிறது, ஐபி 203.0.113.25. 5.7.25 வந்ததில், இந்த ஐபிக்குப் பிடிஆர் பதிவு இல்லை அல்லது பெயரும் ஐபியும் பொருந்தவில்லை என்று. அதில் ஐபி வேறு மாதிரி இருக்கிறது, 2001 என்று தொடங்கி கோலன் கோலனாக நீளமாக. இது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

கீழக்கரை பாய்:

அந்தக் கோலன் போட்ட நீள ஐபியில்தான் உங்கள் பாதிப் பிரச்சினை இருக்கிறது, கவனித்து எழுதினீர்கள். அது உங்கள் விபிஎஸ்ஸின் ஐபிவி6, அதாவது புதிய வகை முகவரி; 203 என்று தொடங்குவது பழைய வகையான ஐபிவி4. விபிஎஸ் வாங்கும்போதே இரண்டு முகவரியும் கொடுத்திருப்பார்கள். ஜிமெயிலுக்கு இரண்டு வழியிலும் போகலாம், போஸ்ட்ஃபிக்ஸ் ஒருமுறை இந்த வழி, ஒருமுறை அந்த வழி என்று போகிறது. அதனால்தான் ஒரே நாளில் இரண்டு விதப் பிழை. ஐபிவி4 வழியில் போனவை எஸ்பிஎஃப், டிகிம் இல்லாமல் அடிபட்டன, ஐபிவி6 வழியில் போனவை பிடிஆர் இல்லாமல் அடிபட்டன. பிடிஆர் போட்டேன் என்றீர்கள், ஐபிவி4-க்கு மட்டும் போட்டிருப்பீர்கள்.

பிடிஆரை நம் ஊர்க் கணக்கில் சொன்னால் படகின் நம்பர் மாதிரி. படகின் மேல் எழுதியிருக்கும் நம்பரும் மீன்துறைப் பதிவேட்டில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் இருந்தால் போதாது. ஐபியைக் கேட்டால் மெயில்.நண்டு.இன் என்று வர வேண்டும், மெயில்.நண்டு.இன் எது என்று கேட்டால் அதே ஐபி வர வேண்டும். இதில் முதல் பாதி ஐபி யாருடையதோ அவர்கள் கையில், அதாவது விபிஎஸ் கொடுத்தவர்கள். ஹோஸ்டிங் பேனலில் எத்தனை முறை பிடிஆர் என்று எழுதினாலும் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். இரண்டாம் பாதி உங்கள் டொமைனில், அதற்குத்தான் குவாட்-ஏ (பெயருக்கு ஐபிவி6 முகவரி சொல்லும் பதிவு) வேண்டும், உங்களிடம் அது இல்லை. அதனால் விபிஎஸ் பேனலில் ஐபிவி6-க்குப் பிடிஆர், ஹோஸ்டிங் பேனலில் குவாட்-ஏ, இரண்டும் போடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸில் மைஹோஸ்ட்நேம் அதே பெயராக இருக்கட்டும்.

அது கிடைக்க நாளாகும் என்றால் இன்றைக்கே ஒரு வழி இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ் மெயின் கோப்பில் இனெட்_ப்ரோட்டோகால்ஸ் என்ற இடத்தில் ஐபிவி4 என்று மட்டும் வைத்துவிடுங்கள். வைத்துவிட்டு ரீலோட் செய்தால் எடுத்துக்கொள்ளாது, நிறுத்தித் தொடங்க வேண்டும். இதைத் தெரியாமல் நான் ஒரு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன்.

அடுத்தது எஸ்பிஎஃப். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் வாங்குகிற சர்வர் எதையும் படிக்காது, நிரந்தரப் பிழை என்று ஒதுக்கிவிடும், இரண்டும் தனித்தனியாகச் சரியாக இருந்தாலும் கணக்கில்லை. நீங்கள் புதியதைச் சேர்த்தீர்கள், பழையதை ஹோஸ்டிங் தானாகப் போட்டிருக்கும். அதற்காகப் பழையதை அழித்துவிடாதீர்கள். வெப்சைட்டில் விசாரணைப் படிவம் இருக்கிறதா? இருந்தால் அது பழைய ஹோஸ்டிங்கிலிருந்து உங்கள் பெயரில் மெயில் அனுப்பும், அந்த இன்க்ளூட் (பழைய ஹோஸ்டிங்கும் அனுப்பலாம் என்று சொல்லும் பகுதி) தேவைப்படும். இரண்டையும் ஒன்றாக்குங்கள்:

"வி=எஸ்பிஎஃப்1 ஐபி4:203.0.113.25 ஐபி6:உங்கள் நீள முகவரி இன்க்ளூட்:பழையஹோஸ்ட்.காம் ~ஆல்"

ஏ, எம்எக்ஸ் இரண்டையும் எடுத்துவிட்டேன், ஐபி நேரடியாக இருக்கும்போது அவை வேண்டாம். எஸ்பிஎஃப் படிக்கும்போது டிஎன்எஸ்ஸை மேலும் கேட்கச் செய்யும் சொற்களுக்குப் பத்து என்ற வரம்பு இருக்கிறது, இன்க்ளூடுக்கு உள்ளே இருக்கும் இன்க்ளூடும் அதில் சேரும், ஐபி4, ஐபி6 சேராது. இப்போது உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, நாளைக்கு பில் அனுப்பும் சேவை, விளம்பர மெயில் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது நினைவில் வையுங்கள்.

டிகிம். பேனலில் இருக்கிறது, டிக் இல்லை என்கிறது, அப்படியென்றால் பெயரில்தான் கோளாறு. பேனலில் பெயர் கட்டத்தில் முழுப்பெயரையும் எழுதினீர்களா? பல பேனல்கள் கடைசியில் டொமைனைத் தாங்களாகவே ஒட்டிவிடும். முழுப்பெயர் எழுதிக் கடைசிப் புள்ளியை விட்டுவிட்டால் நண்டு.இன்.நண்டு.இன் என்று இரட்டிப்பாகிவிடும். அந்த இரட்டைப் பெயரையே டிக்கில் கேட்டுப் பாருங்கள், பதில் வந்தால் அதுதான். இன்னொன்று, ஓப்பன்டிகிம் தரும் கோப்பில் சாவி துண்டு துண்டாக மேற்கோள் குறிக்குள் இருக்கும், சுற்றிலும் அடைப்புக்குறி இருக்கும். 2048 பிட் சாவி 255 எழுத்துக்கு மேல் போவதால் அப்படி வெட்டுகிறார்கள். பேனலில் ஒட்டும்போது அடைப்புக்குறி, நடுவில் உள்ள மேற்கோள் குறி, வரி உடைப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரே நீள வரியாக ஒட்டுங்கள். வெட்டுவதைப் பெரும்பாலான பேனல்கள் தாங்களே பார்த்துக்கொள்ளும்.

சரி செய்த பிறகு ஓப்பன்டிகிம்-டெஸ்ட்கீ கட்டளையை மைனஸ் விவிவி (-vvv) போட்டு ஓட்டுங்கள். "கீ நாட் செக்யூர்" என்று ஒரு வரி வரும், பயந்து சாவியை மாற்றாதீர்கள், டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதிலுக்கே போடும் கையொப்பப் பாதுகாப்பு) இல்லை என்பதைத்தான் அப்படிச் சொல்கிறது. கீழே "கீ ஓகே" வந்தால் போதும்.

தூத்துக்குடிக்காரர் விஷயம் மட்டும் எனக்கு இதில் பிடிபடவில்லை. உங்கள் எம்எக்ஸ் ஒன்றே ஒன்றுதான், சரியாகவும் இருக்கிறது.

தொண்டி அக்கா:

தம்பி, அந்தத் தூத்துக்குடி ஏஜெண்டுடைய டொமைன் எந்த ஹோஸ்டிங்கில் இருக்கிறது? உங்கள் பழைய ஹோஸ்டிங்கிலேயேவா?

மண்டபம் நண்டு:

ஆமாம் அக்கா, அவர் சொல்லித்தான் நாங்களே அங்கே வாங்கினோம். ஏன்?

தொண்டி அக்கா:

அப்படியானால் அவர் மெயில் எங்கும் தொலையவில்லை, உங்கள் பழைய பெட்டியில் பத்திரமாக இருக்கும். போய்த் திறந்து பாருங்கள்.

விஷயம் என்னவென்றால், பழைய ஹோஸ்டிங் சர்வருக்கு உங்கள் டொமைன் இன்னும் தன் வீட்டுப் பிள்ளைதான். அதே சர்வரில் இருக்கிற ஒருவர் உங்களுக்கு அனுப்பினால் அது டிஎன்எஸ்ஸையே கேட்காது, எம்எக்ஸ் பார்க்காது, "இவர் இங்கேதானே இருக்கிறார்" என்று உள்ளேயே பழைய பெட்டியில் போட்டுவிடும். அனுப்பியவருக்கும் போய்ச் சேர்ந்த மாதிரிதான், அதனால் திரும்பி வராது. உங்கள் புதிய சர்வரை அது தொடவே இல்லை என்பதால் லாகிலும் இருக்காது. வெளியே எந்தத் தளத்தில் சோதித்தாலும் பச்சையாகத்தான் காட்டும், ஏனென்றால் எம்எக்ஸில் தவறே இல்லை.

எங்கள் மாமாவின் கருவாட்டு வியாபாரத்துக்கு மெயில் மாற்றிக்கொடுத்தபோது இதே மாதிரி ஒரு மாதம் அலைந்தேன். வெளியூர் மெயில் எல்லாம் வருகிறது, ஒரே ஒரு கடைக்காரர் மெயில் வரவில்லை, அவரும் கோபித்துக்கொண்டார். கடைசியில் அவர் போனைக் கையில் வாங்கி, அனுப்பிய மெயிலின் தலைப்புகளைப் படித்தபோதுதான் அது அந்த சர்வரை விட்டு வெளியே வரவே இல்லை என்று தெரிந்தது.

பழைய ஹோஸ்டிங்கின் பேனல் சிபேனல் மாதிரி இருந்தால் "இமெயில் ரூட்டிங்" என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் "லோக்கல்" என்று இருப்பதை "ரிமோட்" என்று மாற்றுங்கள். வேறு பேனல் என்றால் அந்த டொமைனுக்கு மெயில் சேவையை அணைக்கும் இடம் இருக்கும், இல்லாவிட்டால் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். வரிசை முக்கியம்: முதலில் ரூட்டிங், அப்புறம் பழைய பெட்டியில் இருப்பதை எல்லாம் புதியதற்கு இழுத்துக்கொள்ளுங்கள், அதற்கு அப்புறம்தான் பழைய பெட்டியை அழிக்க வேண்டும். ரூட்டிங்கை மாற்றாமல் பெட்டியை அழித்தால் ஏஜெண்டுக்கு "இப்படி ஒரு ஆளே இல்லை" என்று போகும்.

இன்னொன்றும் பாருங்கள். வெப்சைட் படிவமும் அதே சர்வரில்தான் ஓடுகிறது. அதில் எழுதுகிறவர்களின் விசாரணையும் பழைய பெட்டியில்தான் விழுந்துகொண்டிருக்கும்.

கீழக்கரை பாய்:

இதுதான், தொண்டி அக்கா சொன்னதுதான். எனக்கு இது தோன்றவே இல்லை. தம்பி, இதை முதலில் செய்யுங்கள், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

மண்டபம் நண்டு:

அக்கா, பாய், இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், வேலை அப்படி.

பழைய வெப்மெயிலைத் திறந்தேன். 23 மெயில் படிக்காமல் கிடந்தது. 19 தூத்துக்குடி ஏஜெண்டுடையது, கடைசி இரண்டில் மனிதர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார், விலை பேசப் பிடிக்கவில்லை என்றால் நேரடியாகச் சொல்லிவிடுங்கள் என்று. படித்ததும் போனை எடுத்துப் பேசினேன். நடந்ததைச் சொன்னதும் புரிந்துகொண்டார். மீதி நான்கும் வெப்சைட் படிவத்தில் வந்தவை. பத்து நாளாக விசாரணையே இல்லையே, தடைக்காலம் என்பதால் யாரும் கேட்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரூட்டிங் ரிமோட்டுக்கு மாற்றிய உடனே ஏஜெண்டை ஒரு வரி அனுப்பச் சொன்னேன், பேசிக்கொண்டிருக்கும்போதே புதிய சர்வர் லாகில் அவர் பெயர் வந்தது.

டிகிம் பாய் சொன்னபடியேதான். இரட்டைப் பெயரில் கேட்டேன், சாவி முழுசாக வந்து நின்றது, அங்கேதான் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. பெயரைச் சுருக்கி எழுதினேன். நடுவில் ஒரு மேற்கோள் குறியும் ஒட்டிக்கொண்டிருந்தது, அதையும் எடுத்தேன். எஸ்பிஎஃப் ஒன்றாக்கினேன். ஐபிவி6 பிடிஆர் விபிஎஸ் பேனலில் நானே போட முடியவில்லை, டிக்கெட் எழுதி அவர்கள் போட்டுத்தர வேண்டும் என்றார்கள், அதுவரை போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4-இல் நிறுத்தித் தொடங்கியிருக்கிறேன்.

ஜிமெயிலுக்கு அனுப்பி "ஷோ ஒரிஜினல்" திறந்து பார்த்தேன், எஸ்பிஎஃப் பாஸ், டிகிம் பாஸ். நேற்று எடைப் பட்டியலை 5:40-க்கு அனுப்பினேன், வண்டி உச்சிப்புளி தாண்டுவதற்குள் கொச்சியிலிருந்து "கிடைத்தது" என்று பதில் வந்தது. ஸ்பாமில் இல்லை, நேராக இன்பாக்ஸில் வந்ததாம்.

டிமார்க் இப்போது போடலாமா பாய்?

கீழக்கரை பாய்:

போடுங்கள். _டிமார்க் என்ற பெயரில், பேனல் டொமைனை ஒட்டுவதை மறக்காமல்: "வி=டிமார்க்1; பி=நன்; ருவா=மெயில்டு:உங்கள் முகவரி". நன் (none) என்றால் எதையும் தடுக்காது, உங்கள் பெயரில் எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது என்று ஜிமெயில் போன்றவர்கள் தினமும் ஒரு ரிப்போர்ட் அனுப்புவார்கள். எக்ஸ்எம்எல் கோப்பாக வரும், ஐபியும் எண்ணிக்கையும் பார்த்தால் போதும். ஒரு மாதம் பாருங்கள். வெப்சைட் படிவத்தின் மெயில் தேறுகிறதா என்று கட்டாயம் கவனியுங்கள், அது டிகிம் இல்லாமல் வெளியே போகலாம், எஸ்பிஎஃப் தேறினாலும் ஹோஸ்டிங் தன் டொமைனை அனுப்புநராகப் போட்டிருந்தால் டிமார்க்கில் பொருந்தாது. படிவத்தை உங்கள் விபிஎஸ் வழியாகவே, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து அனுப்ப வைத்தால் அந்தச் சிக்கல் போய்விடும். அப்படி மாற்றினால் எஸ்பிஎஃப்பிலிருந்து பழைய இன்க்ளூடையும் எடுத்துவிடலாம். குவாரண்டைனுக்கு (தேறாத மெயிலை ஸ்பாமில் போடச் சொல்லும் நிலைக்கு) அதற்கு முன் போகாதீர்கள்.

ஐபிவி6 பிடிஆர் வந்ததும் டிக் மைனஸ் எக்ஸ் போட்டு அந்த நீள முகவரியைக் கேட்டுப் பாருங்கள். பெயர் வந்து, அந்தப் பெயருக்குக் குவாட்-ஏவும் அதே முகவரியைச் சொன்ன பிறகுதான் போஸ்ட்ஃபிக்ஸில் ஐபிவி6-ஐத் திறக்க வேண்டும்.